முன் பிரேக்கைத் தொடாதே என்று சொல்லிக் கொடுத்தவன் நான்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் எழுந்து போகிறவர்கள் முன் பிரேக் பற்றிய பகுதியையாவது படித்துவிட்டுப் போங்கள்.

போன வாரம் மழை விட்டும் விடாத நேரத்தில் மணிமுத்தாறு பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு தம்பி வண்டியோடு விழுந்தான். நானும் டீக்கடைக்காரரும் ஓடிப்போய்த் தூக்கிவிட்டோம். முழங்கையில் தோல் போயிருந்தது, வேறொன்றும் இல்லை. "எப்படிப்பா விழுந்தே?" என்று கேட்டேன். "மழ சார், வழுக்கிடுச்சி" என்று சொல்லிவிட்டு கிக்கரை உதைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் சொன்ன அதே மூன்று வார்த்தையைத்தான் 1993ல் நானும் என் தலைமையாசிரியரிடம் சொன்னேன். என் பதில் தப்பு என்று தெரிய எனக்கு 26 வருடம் ஆயிற்று. அந்தத் தப்புக்கு விலை கொடுத்தவன் நான் இல்லை, இன்னொருவன். அதனால்தான் எழுதுகிறேன்.

வெளியூர் நண்பர்களுக்காக முதலில் எங்கள் ஊர் மண்ணைப் பற்றி. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கும். அந்த மண்ணை நம்பி வந்ததுதான் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டை. ஃபியூஸ் கட்டை, பொம்மை, அகல் விளக்கு என்று இங்கிருந்து போகாத ஊர் இல்லை. என் அப்பா அங்கே ஒரு பட்டறையில் ஃபியூஸ் கட்டை அச்சு அழுத்தும் வேலை செய்தார். அவர் விரல் இடுக்கில் வெள்ளை மண் எப்போதும் இருக்கும். களிமண் துகள் தட்டையானது, சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். நடுவில் தண்ணீர் புகுந்தால் சீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவும். பானை வனைய முடிவதே இந்த நழுவலால்தான். அதே மண் லாரியிலிருந்து சாலையில் சிந்தி, மேலே ஒரு தூறல் விழுந்தால் என்ன ஆகும் என்பதை மந்தாரக்குப்பம் சாலையில் போய்வரும் எவரும் சொல்வார்கள்.

1993 ஐப்பசி. நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்து ஒன்பதாவது வருடம். பண்டிகை முன்பணத்தையும் மனைவியின் சீட்டுப் பணத்தையும் சேர்த்துப் பழைய ராஜ்தூத் ஒன்று வாங்கியிருந்தேன். காலையில் பள்ளிக்குப் போகும்போது தூறல். வளைவில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. அடுத்த கணம் நான் தார்ச்சாலையில் கிடக்கிறேன், வண்டி தனியாகப் பத்தடி போய்க் கிடக்கிறது, ஆடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. காறை எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு இடது கையால் கரும்பலகையில் எழுதினேன். பையன்களுக்கு ஒரே சிரிப்பு.

படுத்திருந்த நாட்களில் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். முன் பிரேக் பிடித்தேன், முன் சக்கரம் வழுக்கியது, விழுந்தேன். ஆகவே முன் பிரேக் ஆபத்து. வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? அன்று முதல் வண்டி பழகுகிற எல்லாருக்கும் அதையே பாடமாகச் சொல்ல ஆரம்பித்தேன். "முன் பிரேக்கைத் தொடாதே. கால் பிரேக் போதும்." 2001ல் என் தங்கை மகனுக்குப் பள்ளி மைதானத்தில் வண்டி சொல்லிக் கொடுத்தபோது, அவன் வலது கை விரல்களை லிவர்மேல் வைத்தாலே புறங்கையில் தட்டுவேன்.

2004ல் நல்ல வெயில் நாளில், காய்ந்த சாலையில், முன்னால் போன கரும்பு டிராக்டர் நின்றதைப் பார்த்தும் அவனால் வண்டியை நிறுத்த முடியவில்லை. பின் சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்த கறுப்புக் கோடு சாலையில் நீளமாகக் கிடந்தது. நானே போய்ப் பார்த்தேன். தொடை எலும்பில் கம்பி வைத்தார்கள். இன்றும் ஒரு கால் கொஞ்சம் சாய்த்துத்தான் நடக்கிறான். "வேகம்டா, வேகம்" என்று மருத்துவமனையில் அவனைத் திட்டினேன்.

அந்தக் கறுப்புக் கோடு என்ன சொல்லிற்று என்று அப்போது எனக்குப் படிக்கத் தெரியவில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் இருந்தார்கள். அவர்களில் பலர் பந்தயத் தடத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள். ஓய்வு பெற்ற பிறகு அவர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

இங்கிலாந்தில் புரூக்லேண்ட்ஸ் என்று ஒரு பந்தயத் தடம். அங்கே மருத்துவராக இருந்த எரிக் கார்ட்னர், மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்டு வருகிறவர்களை எண்ணிப் பார்த்தார். கான்வாஸ் துணியை அரக்கில் ஊறவைத்து இறுக்கி ஒரு தொப்பி செய்யவைத்தார். முதலில் யாரும் மதிக்கவில்லை. 1914ல் மேன் தீவுப் பந்தயத்தில் அது கட்டாயமானது. வருடா வருடம் பந்தயத்தின்போது மூளை அதிர்ச்சி நோயாளிகளைப் பார்த்துப் பழகிய தீவு மருத்துவர், இந்த வருடம் அப்படி யாருமே வரவில்லையே என்று கார்ட்னருக்குக் குறைபட்டு எழுதியதாகச் சொல்வார்கள்.

ஆனால் அது பந்தயக்காரர்களோடு நின்றுபோனது. 1935ல் 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பெயர் பெற்ற டி.இ. லாரன்ஸ், சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள்மேல் மோதாமல் ஒதுங்கப் பார்த்துத் தன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார். தலையில் எதுவும் அணியவில்லை. ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற இளம் மூளை அறுவை மருத்துவரும் ஒருவர். அவர் அதை மறக்கவில்லை. போர் நடக்கும்போது விபத்துகளை ஆராய்ந்து 1941ல் ஒரு கட்டுரை எழுதினார். தலைக்கவசத்தோடு அடிபட்டவர்களில் ஏழு பேரைத்தான் அவரால் பார்க்க முடிந்தது. ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள். அதே வருடம் நவம்பரில் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. நம் தமிழ்நாட்டில் 2007ல் ஒருமுறை, பிறகு உயர்நீதிமன்றம் சொல்லி 2015 ஜூலை 1 முதல் ஒருமுறை கட்டாயமானது. இப்போதும் பெட்ரோல் டேங்க்மேல் ஹெல்மெட்டை உட்காரவைத்துப் போகிற மகராசர்களைப் பார்க்கிறேன்.

சரி, பிரேக்குக்கு வருவோம்.

பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது டிரைவர் பிரேக் போட்டால் எந்தப் பக்கம் சாய்கிறோம்? முன்னால்தானே. மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். பிரேக் பிடித்ததும் எடை முன் சக்கரத்துக்குப் போகிறது. பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் அது சுற்றுவதை நிறுத்திக்கொண்டு தேய்ந்து வழுக்கிப் போகுமே தவிர, வண்டியை நிறுத்தாது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. நான் ஒன்பதாம் வகுப்பிலேயே படித்த சடத்துவம் இது. நானே பாடமும் நடத்தியிருக்கிறேன். வண்டியில் ஏறியதும் மறந்துவிட்டது.

முன் பிரேக்கின்மேல் பயம் எனக்கு மட்டும் இருந்ததில்லை. ஆரம்பகால மோட்டார் சைக்கிள்களில் முன் பிரேக் பெயருக்குத்தான் இருந்தது. 1920களில் நல்ல முன் பிரேக் வந்த பிறகும் பழைய ஆட்கள் அதை நம்பவில்லை. பயத்துக்கு ஒரு நியாயமும் உண்டு. முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் விழுவது நிச்சயம். பின் சக்கரம் பூட்டினால் சில சமயம் சமாளிக்கலாம். அப்படியென்றால் முன் சக்கரத்தைப் பூட்டாமல் பிடிப்பது எப்படி என்பதுதான் கேள்வி. அதற்கு விடை வந்த வழி வேடிக்கையானது. அது விமான ஓடுபாதையிலிருந்து வந்தது.

நனைந்த ஓடுபாதையில் இறங்கும் விமானத்தின் சக்கரம் பூட்டிக்கொண்டால் டயர் வெடிக்கும், விமானம் வழுக்கும். அதைத் தடுக்க டன்லப் நிறுவனம் மேக்ஸரெட் என்று ஒரு கருவி செய்தது. சக்கரம் பூட்டப்போகிறது என்று தெரிந்ததும் பிரேக்கைத் தானே தளர்த்தி மறுபடி பிடிக்கும். 1958ல் இங்கிலாந்தின் சாலை ஆய்வுக்கூடம் அந்தக் கருவியை ஒரு மோட்டார் சைக்கிளில் பொருத்திப் பார்த்தது. எந்த வண்டி தெரியுமா? ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர். அதற்கு மூன்று வருடம் முன்புதான், 1955ல், மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு கம்பெனி சென்னைக்கு வந்தது. பிறகு திருவொற்றியூரில் நம்மவர்கள் புல்லட் செய்தார்கள். சோதனையில் வழுக்கும் பரப்பில் வண்டி நிற்கும் தூரம் நன்றாகவே குறைந்தது. ஆனால் என்ஃபீல்டின் தொழில்நுட்ப இயக்குநருக்கு இதில் எதிர்காலம் இருப்பதாகப் படவில்லை. கோப்பு மூடப்பட்டது. 1988ல் பி.எம்.டபிள்யூ தன் வண்டியில் ஏபிஎஸ் வைக்கும்வரை முப்பது வருடம் போயிற்று. இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு அது கட்டாயமானது 2018-19ல். பல வண்டிகளில் அந்தக் கருவி முன் சக்கரத்துக்கு மட்டும்தான் இருக்கும். நான் தொடாதே என்று சொன்ன சக்கரத்துக்கு.

விமான ஓடுபாதை என்றதும் சோழவரம் ஞாபகம் வருகிறது. செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப்போர் காலத்தில் போட்ட ஓடுபாதை. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருடம் அங்கேதான் பந்தயம் நடத்தியது. 80களில் ஒரு நண்பனோடு ஒருமுறை போனேன். காதடைக்கும் சத்தம், தலையெல்லாம் புழுதி, தடத்தின் ஓரத்தில் வைக்கோல் கட்டுகள். விழுந்தவன் வைக்கோலில் முட்டி நிற்பான், கூட்டம் கை தட்டும். யாரும் அவனிடம் எதுவும் கேட்டதாக நினைவில்லை. 1990 முதல் பந்தயம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கட்டிய தடத்துக்குப் போய்விட்டது. 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. 2011ல் உலகப் போட்டியின் 125 சிசி பிரிவில் ஓட்டப் போன சரத்குமார் என்ற சென்னைப் பையன் (நடிகர் இல்லை) போன்றவர்கள் வளர்ந்த தடம்.

2019 ஆகஸ்டில் நான் அங்கே போனேன். ஒரகடத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் சம்பளத்தில் சேர்த்துவைத்து ஒருநாள் பயிற்சிக்குப் பணம் கட்டியிருந்தான். "சார், நீங்க வந்து பாக்கணும்" என்றான். போன அன்று காலையிலேயே மழை. நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். பயிற்சியாளர் சிரித்தார். "இன்னிக்குத்தான் சார் நெஜமான கிளாஸ்."

அங்கே கற்ற ஒன்றை என் பாணியில் சொல்கிறேன். டயரின் பிடிப்பு ரேஷன் சர்க்கரை மாதிரி. அளவு இவ்வளவுதான். வளைவில் சாய்வதற்குக் கொஞ்சம் போகும், பிரேக்குக்குக் கொஞ்சம் போகும். மழை பெய்தால் அட்டைக்கு அளவு குறைந்துவிடும். வளைவிலேயே முழு அளவையும் வாங்கிவிட்டு, பிரேக்குக்கும் கேட்டால் கடைக்காரர் கொடுக்கமாட்டார். ஆகவே பிரேக் எல்லாம் வண்டி நேராக இருக்கும்போதே முடிய வேண்டும். அதுவும் கபக்கென்று பிடிக்கக் கூடாது. பழுத்த தக்காளியைக் கையில் எடுப்பது மாதிரி ஆரம்பித்து, எடை முன்னால் வந்து சக்கரம் தரையில் நன்றாக அழுந்திய பிறகு இறுக்க வேண்டும். வெள்ளைக் கோடு, வண்ணம் அடித்த ஓரக்கல், இரும்பு மூடி எதன்மேலும் சாய்ந்து போகக் கூடாது. முதல் தூறல்தான் மோசம். தூசியும் எண்ணெயும் மேலே மிதக்கும். நன்றாக அடித்துப் பெய்து கழுவிவிட்டால் தார் ஓரளவு பிடிக்கும்.

மூன்றாவது சுற்றிலோ நான்காவது சுற்றிலோ என் மாணவன் விழுந்தான். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. வண்டியை விட்டுவிட்டு முதுகால் வழுக்கிக்கொண்டே போய், முழுதாக நின்ற பிறகுதான் எழுந்தான். அதுவும் சொல்லிக் கொடுத்ததாம். நகர்ந்துகொண்டிருக்கும்போது எழப் பார்த்தால் கால் ஒடியும், வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தால் மணிக்கட்டு ஒடியும்.

பயிற்சியாளர் வந்தார். நான் திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன்.

"என்ன ஆச்சு?"

"தண்ணி சார், வழுக்கிடுச்சி."

"தண்ணி இங்க எல்லாருக்குந்தான் இருக்கு. ஒன் கை என்ன செஞ்சுது?"

அவன் யோசித்தான். எத்தனை விரல் லிவரில் இருந்தது, பிடிக்கும்போது வண்டி நேராக இருந்ததா சாய்ந்திருந்ததா, கண் எங்கே பார்த்தது, ஆக்ஸிலரேட்டரை எப்போது விட்டாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். பத்து நிமிடத்தில் பையனே விடையைச் சொல்லிவிட்டான். சாய்ந்த நிலையில், பயத்தில், நாலு விரலாலும் ஒரே பிடியாகப் பிடித்திருக்கிறான். "முன் பிரேக் தப்பு பண்ணல. நீ அவசரப்பட்டுட்ட" என்றார் பயிற்சியாளர்.

குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அந்த ஆடு கண்முன் வந்தது. வளைவு, சாய்ந்த வண்டி, நாலு விரல். ராஜ்தூத்தின் டிரம் பிரேக்குக்குள் தண்ணீர் புகுந்தால் முதலில் பிடிக்காது, பிறகு திடீரென்று கவ்வும் என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. முப்பது வருடம் சிவப்பு மையில் மற்றவர் தவறுகளைத் திருத்திய நான், என் விடைத்தாளைத் தப்பாகத் திருத்தி, அதையே பார்த்து எழுதுங்கள் என்று பையன்களிடம் கொடுத்திருக்கிறேன்.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியரின் குழு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981ல் அறிக்கை கொடுத்தது. ஹர்ட் என்றால் ஆங்கிலத்தில் காயம், பெயர்ப் பொருத்தம் பாருங்கள். அதில் இரண்டு வரி என்னைத் தூங்கவிடவில்லை. விபத்தில் சிக்கியவர்கள் பொதுவாகப் பின் பிரேக்கை அளவுக்கு மீறிப் பிடித்துச் சக்கரத்தைத் தேய்க்கிறார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. இது ஒன்று. அவர்களில் 92 சதவீதம் பேர் வண்டி ஓட்டத் தானாகக் கற்றவர்கள் அல்லது குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் கற்றவர்கள். இது இரண்டாவது. குடும்பத்தாரிடம் என்றால் மாமாவிடம்.

விழுந்தால் பாடம் வரும் என்று இளைஞர்கள் கொண்டாடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டோ ஜிபி என்னும் உலகப் போட்டியில் எந்த வீரர் எந்த வளைவில் எத்தனை முறை விழுந்தார் என்று வருடம் முழுக்கக் கணக்கு வைக்கிறார்கள். 2017ல் மார்க் மார்க்கேஸ் 27 முறை விழுந்தார். அந்த வருட சாம்பியனும் அவர்தான். எல்லை எங்கே இருக்கிறது என்று பயிற்சி ஓட்டத்திலேயே தேடிப் பார்ப்பவர். அப்படிப்பட்டவர் 2020 ஜூலையில் வலது கை எலும்பு முறிந்து, தகடு வைத்த சில நாளிலேயே மறுபடி வண்டியில் ஏறினார். தகடு உடைந்தது. அறுவைமேல் அறுவை. அடுத்த பட்டம் 2025ல்தான் வந்தது. அவர்கள் போடும் உடையில் காற்றுப்பை உண்டு. விழும் இடத்தில் சரளைக்கல் பரப்பு உண்டு, ஓரத்தில் மருத்துவர் நிற்கிறார். அப்படியும் 2023 ஆகஸ்டில், நம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில், பெங்களூரிலிருந்து வந்த 13 வயதுச் சிறுவன் பந்தயத்தில் விழுந்து தலையில் அடிபட்டு இறந்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் வயது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அந்த வயதில் அந்த வேகம் தேவையா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

சாலையில் கணக்கு வேறு. 2022ல் மட்டும் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அதில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டியில் போனவர்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. விபத்து நடந்த இடத்திலேயே விவரங்களைப் பதிவு செய்ய சென்னை ஐஐடி உதவியோடு ஒரு கணினித் திட்டம் 2021 முதல் ஓடுகிறது, முதலில் எடுத்துக்கொண்ட ஆறு மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. நல்ல காரியம். ஆனால் பாலத்தடியில் விழுந்து, முழங்கையைத் துடைத்துக்கொண்டு போன தம்பி எந்தக் கணக்கிலும் வரமாட்டான். அவனிடம் கை என்ன செய்தது என்று நானாவது கேட்டிருக்கலாம். கேட்பதற்குள் போய்விட்டான்.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து திரும்பிய வாரமே தங்கை வீட்டுக்குப் போனேன். மருமகன் திண்ணையில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தான். 2001ல் மைதானத்தில் நான் சொன்னது தப்பு என்றும், டிராக்டருக்குப் பின்னால் அவன் விழுந்ததற்கு அவன் வேகம் மட்டும் காரணம் இல்லை என்றும், மருத்துவமனையில் திட்டியது என் தவறு என்றும் சொன்னேன். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவன் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே அவன் பையன் ஏதோ சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"பரவால்ல மாமா," என்றான் கடைசியில். பிறகு கொஞ்சம் சிரித்தான். "ஆனா இவனுக்கு வண்டி சொல்லிக் குடுக்க நீங்க வேணாம். நான் வேற ஆள் பாத்துக்கறேன்."